சட்டையில்லாத நந்தனாருக்குக் காலர் மைக்

கடலூர் மாவட்டத்தில் பக்தி நாடகம் போடுகிறவர்களுக்குச் சட்டை போட்ட கதாநாயகன் கிடைப்பது அரிது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆதனூரிலிருந்து தில்லைக்குப் போகத் தவித்த நந்தனார், இடுப்பில் ஒரு துண்டு வேட்டியோடு மேடையேறுகிறார். பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்த அப்பர், மழித்த தலையும் கழுத்தில் உருத்திராக்கமும் தோளில் உழவாரப்படையுமாக வருவார். திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் முந்தின இரவு கிரீடமும் புஜகீர்த்தியும் பூட்டி ஆடிய அருச்சுனன்கூட, தபசுக்குப் போகிற இரவில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நிற்பான். விதிவிலக்கு வள்ளலார் ஒருவர்தான். மருதூரில் பிறந்து வடலூரில் சத்திய ஞான சபை கண்ட அவருக்குத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. வள்ளலார் வேஷம் என்றால் மைக் செட்டுக்காரர் அன்று நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

மற்றவர்கள் விஷயத்தில் அந்த நிம்மதி கிடையாது. கம்பியில்லா மைக் என்பது உண்மையில் மூன்று பொருள்கள்: மிளகளவு மைக் தலை, அதிலிருந்து போகும் மெல்லிய ஒயர், அந்த ஒயர் போய்ச் சேரும் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய டிரான்ஸ்மிட்டர். சட்டை போட்டவருக்கு மூன்றும் துணிக்குள் போய்விடும். வெற்றுடம்புக்காரரிடம் மறைக்க இருப்பவை தலைமயிர், மாலை, விபூதி, இடுப்புத் துணி ஆகிய நான்குதான். இவற்றோடு வியர்வை என்கிற எதிரி. கொள்ளிடக் கரையிலும் வங்கக் கடலோரத்திலும் சித்திரை முதல் ஆடி வரையிலான திருவிழா இரவுகளில் ஆடாமல் நின்றாலே முதுகில் நீர் ஓடும்.

இவ்வளவு பாடு எதற்கு, தொங்கு மைக் போதாதா என்று கேட்கலாம். எஸ். ஜி. கிட்டப்பா மாதிரியானவர்கள் மைக்கை நம்பாமல் கொட்டகையை நிரப்பினார்கள். அவர் 1933இல் மறைந்தார். அடுத்து வந்தவர்கள் மேடைக்கு மேலே கயிற்றில் தொங்கும் மைக்குகளின் கீழ் ஆடப் பழகினார்கள். ராஜா வேஷக்காரர் மேடை முழுக்கச் சுழன்று ஆடுவார். வசனம் வந்ததும் மைக்குக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பேசுவார். கூத்தில் அது பழகிப்போன அழகு, நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நந்தனார் ஆண்டையின் காலடியில் விழுந்து தரையோடு தரையாகக் கெஞ்சும்போது, தலைக்கு மேல் ஆறடி உயரத்தில் தொங்கும் மைக்குக்கு ஆர்மோனியம்தான் கேட்கும். ஒலி மூலத்துக்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் பாதியானால் மட்டம் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டர் தூரத்திலுள்ள தொங்கு மைக்கை விட்டு, வாயிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி நெற்றியோரத்துக்கு வந்தால் மும்முறை பாதியாகிறது; கிட்டத்தட்ட 18 டெசிபல் லாபம். ஸ்பீக்கர் 'கூ' என்று கத்துவதற்கு முன்பு நமக்குக் கிடைக்கும் இடைவெளி அது.

வேலை தொடங்கும் இடம் மிக்சர் மேசை இல்லை, வேஷம் கட்டும் கொட்டகை. இதைப் பலர் ஒப்புக்கொள்வதில்லை. அரிதாரம் பூசி, பொட்டு வைத்து, விளக்கு போடும் நேரத்தில் ஒலிக்காரர் ஒயரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அப்போது நடிகர் முகத்தில் தேங்காய் எண்ணெய் கலந்த பூச்சு, முதுகில் வேர்வை, மனத்தில் முதல் பாட்டு. டேப் ஒட்டாது, ஒட்டினாலும் பூச்சு கலையும், ஒப்பனைக்காரரும் திட்டுவார். வெற்றுடம்புக்காரருக்கு மைக்கும் வேஷத்தில் ஒரு பகுதி. முதலில் மைக், அடுத்து அரிதாரம், கடைசியில் துணி. இந்த வரிசை மாறினால் மற்ற எந்தக் கெட்டிக்காரத்தனமும் உதவாது.

அதற்கும் முன்னால் ஒத்திகையைப் பார்க்க வேண்டும். பாட்டைக் கேட்க அல்ல, கையைப் பார்க்க. நடிகர் எங்கே தொட்டுக்கொள்கிறார், மார்பில் அடித்துக்கொள்வாரா, யாரைக் கட்டிப்பிடிப்பார், எந்தப் பக்கம் சாய்ந்து அழுவார், எத்தனை தடவை விழுந்து கும்பிடுவார் என்பதுதான் நமக்கு வேண்டிய கதை. நந்தனார் விழுந்து விழுந்து கும்பிடுகிற பாத்திரம். மைக்கை உருத்திராக்கத்தில் கட்டி மார்பில் விட்டால், சாஷ்டாங்கமாக விழும் ஒவ்வொரு தடவையும் ஊருக்கே இடி விழும். அதை நடு நெற்றிக்கு மேலே வைத்தால், தலை தரையைத் தொடும்போது அதே கதி. ஆகவே அவருக்கு இடம் நடு நெற்றி இல்லை. இடது அல்லது வலது பொட்டுக்கு மேலே, மயிரோரத்தில், விழும்போது தரையைத் தொடாத பக்கம். பெரும்பாலோர் விழுந்ததும் முகத்தைச் சபை இருக்கும் பக்கம் திருப்புவார்கள். மேலே நிற்கிற கன்னத்தின் பக்கமே மைக் இருக்கட்டும்.

அடுத்தது மைக் தேர்வு. நாலாபக்கமும் கேட்கும் வகையே வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் வகை, தலைமயிருக்குள் விரற்கடை திரும்பினாலே குரலை மாற்றிவிடும். மூச்சுக் காற்றையும் அதிகம் வாங்கும். டிபிஏ நிறுவனத்தின் 4060 என்கிற மைக் 5.4 மில்லிமீட்டர் குறுக்களவு, கன்ட்ரிமேன் பி6 வெறும் 2.5 மில்லிமீட்டர். லண்டன், நியூயார்க் இசை நாடகங்களில் நெற்றியோரத்தில் பல்லாண்டாக ஒளிந்திருப்பவை இத்தகையவைதான். விலை கிராமத்து சவுண்டு சர்வீஸுக்குக் கட்டாது. கடையில் கிடைக்கும் சாதாரண காலர் மைக்கிலும் கிளிப்பைக் கழற்றிவிட்டு, தலை சின்னதாக உள்ளதைத் தேர்ந்தால் வேலை நடக்கும். 'தோல் நிறம்' என்று அட்டையில் போட்டு விற்கும் ஒயரை மட்டும் வாங்காதீர்கள். அந்தத் தோல் கடலூரில் யாருக்கும் இல்லை. காப்பிக்கொட்டை நிறம் நம் ஆட்களுக்குப் பொருந்தும். தலைமயிருக்குள் போகிற பகுதிக்குக் கறுப்பு. வெள்ளை ஒயர்தான் இருக்கிறது என்றால், காய்ந்த பின் அழியாத மார்க்கர் பேனாவால் தீட்டிக்கொள்ளலாம்.

மைக்கை உடம்பில் ஏற்றும் முன் ஒரு சின்ன வேலை. மைக் தலைக்கு ஒரு சென்டிமீட்டர் பின்னால், ஒயரைச் சுற்றி மெல்லிய டேப் துண்டை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஒரு வளையம் செய்துகொள்ளுங்கள். நெற்றியிலிருந்து ஒயர் வழியே வழியும் வியர்வை அங்கே தட்டுப்பட்டுச் சொட்டிவிடும். மைக்கின் வாய்க்குள் போகாது. இதை வெற்றுக் கண்ணால் பார்த்தால் அற்பமாகத் தெரியும். நள்ளிரவுக்குப் பிறகு இதைச் செய்தவரும் செய்யாதவரும் யார் யார் என்று ஸ்பீக்கரே சொல்லும்.

இப்போது நடிகர் முன்னால் உட்காருகிறார். அரைகுறை உடையிலிருக்கும் ஒருவர் உடம்பில் கை வைக்கப் போகிறோம் என்பது நினைவிருக்க வேண்டும்.

"வாத்தியாரே, முதுகுல ஒயரு ஒட்டணும். கைய வைக்கலாமா?"

"ஒட்டுப்பா. ஆனா புடுங்கறப்ப மெள்ளப் புடுங்கு. போன தடவ தோலே வந்துச்சு."

கேட்டுவிட்டுத் தொடுவது மரியாதை மட்டும் இல்லை. எங்கே கூச்சம், எங்கே புண், எந்த டேப் அரிக்கும் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். பெண் கலைஞர்களானால் ஒயரையும் பையையும் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஒலிக்காரர் வெளியே போக வேண்டும். அந்தக் கலைஞரோ உடன் ஆடுகிற இன்னொரு பெண்ணோ கட்டிக்கொள்ளட்டும். கடைசியில் இணைப்பைச் சரிபார்க்க மட்டும் நாம் வந்தால் போதும்.

ஒட்டும் இடங்களை முதலில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும். மருந்துக்கடைக் காகித டேப்பான மைக்ரோபோர் தோலுக்கு இதமானது. ஆனால் வியர்வையில் ஊறிக் கழன்றுவிடும். கண்ணாடிபோல் இருக்கும் டிரான்ஸ்போர் அதைவிடப் பிடிக்கும். ஊசி குத்திய இடத்தில் ஆஸ்பத்திரியில் ஒட்டுவார்களே, டெகாடெர்ம் என்கிற மெல்லிய ஒளிபுகும் தாள், அது எல்லாவற்றிலும் நல்லது. தோல் மூச்சுவிடும், வியர்வையும் தாங்கும், விளக்கில் மினுங்கினால் மேலே கொஞ்சம் பவுடர் தட்டிவிடலாம். பேக்கிங் டேப், இன்சுலேஷன் டேப் இரண்டும் தோலுக்கு ஆகாது.

மைக் தலை மயிரோரத்திலிருந்து ஒரு நெல் அளவு மட்டும் நெற்றியில் எட்டிப் பார்க்க வேண்டும். முழுக்க மயிருக்குள் புதைத்தால் குரல் கம்பளிக்குள் பேசுவதாகக் கேட்கும். ஒயரைத் தலைமயிரின் வேரோடு ஒட்டி, சிறு கறுப்பு ஹேர்பின்களால் பிடித்து, காதுக்கு மேலாகப் பிடரிக்குக் கொண்டுவாருங்கள். டேப்பைவிட மயிர்தான் நல்ல பிடிமானம். பிடரியில் ஒயரை இறுக்கக் கூடாது. நடிகரைக் குனியச் சொல்லி, மோவாயை மார்பில் தொடச் சொல்லி, அந்த நிலையில் எவ்வளவு ஒயர் வேண்டுமோ அவ்வளவு தளர்வு விட்டு ஒட்ட வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது ஒட்டிய ஒயர், முதல் நமஸ்காரத்திலேயே மைக்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். பிடரியிலிருந்து கீழே முதுகெலும்பின் பள்ளம் ஒன்று இயற்கையாகவே ஓடுகிறது. ஒயருக்கு அதுவே வாய்க்கால். பிடரியடியில் ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவே ஒன்று, இடுப்புக்கு மேலே ஒன்று என்று மூன்று ஒட்டு போதும்.

சைவ வேஷத்துக்கு ஒரு சலுகை உண்டு. ஒட்டு விழுந்த இடத்தில் விபூதிப் பட்டை போட்டுவிட்டால் டேப் மறைந்தது. முதுகில் மூன்று பட்டை இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. தீட்சிதராகவோ வேதியராகவோ வருகிறவருக்குப் பூணூல் இருக்கிறது. வெள்ளை ஒயரைப் பூணூலோடு முறுக்கி, இடது தோளிலிருந்து குறுக்காக முதுகில் இறக்கினால், தேடினால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

நந்தனார் நாடகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் கடைசிக் காட்சியில் வருகிறது. தீயில் இறங்கி வெளிவரும்போது அவர் பழைய கோலத்தில் இல்லை. பெரியபுராணத்தின் திருநாளைப்போவார் கதைப்படி, முந்நூலும் சடைமுடியும் தாங்கிய முனிவராக எழுகிறார். மேடையில் இது புகைக்குப் பின்னால் சில நொடிகளில் நடக்கும் வேஷ மாற்றம்: சடை டோப்பா தலையில் ஏறும், பூணூல் தோளில் விழும். மயிரோரத்தில் அழகாக மறைத்த மைக்கின் மேல் அந்த டோப்பா வந்து உட்கார்ந்தால், நடராஜரைப் பாட வேண்டிய உச்சக் கட்டத்தில் குரல் இருட்டில் போய்விடும். ஆகவே ஒப்பனைக்காரரோடு முதலிலேயே உட்கார்ந்து டோப்பாவைத் தலையில் வைத்துப் பார்த்து, அதன் விளிம்பு எங்கே வருகிறதோ அதற்கும் கீழே மைக்குக்கு இடம் பார்க்க வேண்டும். வசதியிருந்தால் டோப்பாவுக்குள்ளேயே தனி மைக்கும் டிரான்ஸ்மிட்டரும் தைத்து வைத்துவிடுவது இன்னும் சுத்தம். புகை போடும் நேரத்தில் ஒன்றை அடைத்து மற்றதைத் திறந்தால் முடிந்தது. 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகருக்கு இந்தத் தொல்லை இல்லை. சினிமாவில் காட்சியை நிறுத்தலாம், மைக்கைக் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் பிடிக்கலாம். அவரே பிற்பாடு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையில் பணியாற்றினார். அதே சிதம்பரத்தில் மேடை நந்தனார் இன்றைக்கும் ஒரே மூச்சில் தீயில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

அப்பர் இன்னும் கடினம். மழித்த தலை; மயிரோரமே இல்லை. காதுக்குப் பின்னால் வைத்துக் காதுமடலின் மேல்வளைவில் மைக் தலையை எட்டிப் பார்க்கவிடலாம். அங்கே குரலின் கூர்மை குறையும். மிக்சரில் 4 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் ஏற்றித் திருத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு வழி, கழுத்தை ஒட்டிக் கட்டும் உருத்திராக்கக் கண்டிகையில் ஒரு மணியின் இடத்தில் மைக்கை வைப்பது. பார்வைக்கு இது அற்புதம், காதுக்கு அவ்வளவு இல்லை. மோவாயின் நிழலில் குரல் மங்கும், தலை திரும்பினால் ஏறி இறங்கும், மணிகள் உரசும் சத்தமும் சேரும். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுகிற காட்சியில் கயிறு மார்பைச் சுற்றுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. என் ஓட்டு காதுக்கே. கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறுவது வரை அது தாங்கும்.

டிரான்ஸ்மிட்டருக்கு இடம் இடுப்பின் பின்பக்கம், முதுகெலும்புக்குச் சற்று ஒரு பக்கமாக. நடுவில் வைத்தால் உட்காரும்போதும் மல்லாந்து விழும்போதும் குத்தும். எலாஸ்டிக் பட்டையில் பை தைத்து, அரைஞாண் கயிற்றுக்கு மேலாகக் கட்டி, அதன் மேல் வேட்டியைத் தாறு பாய்ச்சிக் கட்டினால் பின்கொசுவத்தின் மடிப்பிலேயே அது மறைந்துவிடும். வேட்டி அவிழ்ந்தாலும் பெட்டி விழாது என்பது கூடுதல் பயன். வியர்வைக்கு உறை வேண்டும். உலகெங்கும் நாடகக்காரர்கள் இதற்குப் பயன்படுத்துவது எண்ணெய் தடவாத ஆணுறைதான். ஸ்கேன் சென்டர்களில் கருவிக்கு மாட்டும் உறையும் அதே வேலை செய்யும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறவர் பெட்டியை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு அலைய வேண்டிவரும்.

ஆன்டெனா வாலைச் சுருட்டி உள்ளே திணிக்கும் பழக்கத்தை விட வேண்டும். 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 12.5 சென்டிமீட்டர், அந்த வாலின் நீளம். அளந்து வைத்த நீளம் அது. மடக்கினால் வீச்சு குறையும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். ஈரத் தோலோடு ஒட்டிய ஆன்டெனாவின் சக்தியை அது குடித்துவிடும். தோலுக்கும் வாலுக்கும் நடுவே துணி ஒரு மடிப்பாவது இருக்கட்டும். ரிசீவரை மேசைக்கடியில் வைக்காமல், ஆள் உயரத்துக்கு மேல், மேடையை நேராகப் பார்க்கும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தகரப் பந்தலின் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு மைக் மோசம் என்பவர்கள் உண்டு.

அலைவரிசை தேடலை மாலையில் ஒரு தடவையும், ஆட்டம் தொடங்கும் முன் இன்னொரு தடவையும் செய்ய வேண்டும். ஆடி மாதத்தில் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலிலும் கார்ட்லெஸ் மைக் இருக்கும். அங்கே அறிவிப்பாளர் கூழ் ஊற்றும் நேரம் சொன்னால் அது நம் நந்தனார் வாயிலிருந்து வரக் கூடாது.

சோதனைக்கு 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' உதவாது. கூத்து வாத்தியார் பேசுவது ஒரு குரல், விருத்தத்தை எடுப்பது வேறு குரல். உச்ச சுருதியில் பாடச் சொல்லி, அதற்குக் கெயினைக் குறைத்து வையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காலடியும் காற்றும் போகும். ஸ்பீக்கர்கள் நடிகர்களுக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். தொங்கு மைக்கைக் கழற்ற வேண்டாம். அது நம் காப்பீடு.

ஆட்டம் தொடங்கிய பிறகு ஒலிக்காரர் கை மிக்சரை விட்டு எழக் கூடாது. இருவர் கட்டித் தழுவி அழும்போது ஒரே குரல் இரண்டு மைக்கில் நுழைந்து ஒன்றையொன்று அரித்து, குரல் டப்பாவுக்குள் போனதுபோல் ஆகும். ஒன்றை இறக்க வேண்டும். நடிகர் திரைக்குப் பின்னால் போன அடுத்த நொடியே அவர் மைக்கை அடைக்க வேண்டும். சிவனடியார் டீயில் சர்க்கரை போதாது என்று சொல்வதை ஊர் கேட்டால், பிறகு அந்த இரவு முழுக்கச் சிரிப்புதான். குரல் திடீரென மந்தமாகி, மேல் ஓசைகள் எல்லாம் மறைந்தால் மைக்குக்குள் வியர்வை போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மிக்சரில் கூட்டிக்கொண்டே போனால் கூச்சல்தான் மிஞ்சும். தொங்கு மைக்கைத் திறந்து சமாளித்து, அவர் உள்ளே வந்ததும் மைக் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து உதறி, உறிஞ்சு தாளால் ஒற்றி, குளிர்ந்த காற்றை ஊத வேண்டும். சூடான காற்று உள்ளிருக்கும் மெல்லிய படலத்துக்கு ஆகாது. தலைமை வேஷத்துக்கு இரண்டு மைக் கட்டுகிறவர்களுக்கு இந்த ஓட்டம் மிச்சம்.

விடிய விடிய நடக்கும் கூத்துக்கு ஒரு பேட்டரி நம்பிக்கை போதாது. இரண்டு ஏஏ செல் போடும் பெட்டிகள் பல, ஆறு முதல் எட்டு மணிநேரம் ஓடும். கூத்தும் அவ்வளவு நேரம்தான், அதனால்தான் ஆபத்து. நடுநிசிக் கட்டத்தில், நடிகர் மேடையில் இல்லாதபோது, இருப்பதைப் பாராமல் மாற்றிவிட வேண்டும். அருச்சுனன் தபசில் இதற்குக் கறாரான நேரம் உண்டு. தபசு மரத்தில் அவன் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறத் தொடங்கிவிட்டால் கீழே வர வெகுநேரம் ஆகும். உச்சியிலிருந்து எலுமிச்சையும் பூவும் விபூதியும் வீசும்போது, கீழே முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களுக்கு அவன் பாட்டும் கேட்க வேண்டும். மரத்தடிக்கு வரும் முன்பே புது செல். ஏறுகிறவன் மார்பும் வயிறும் மரத்தில் உரசும். ஆகவே ஒயரும் பெட்டியும் முதுகுப்பக்கமே, மைக் சடை டோப்பாவின் விளிம்பில். அவ்வளவு உயரத்தில் தடுப்பு ஏதும் இல்லை என்பதால் சிக்னல் மட்டும் அன்று பிரமாதமாக இருக்கும்.

அவிழ்ப்பதற்கும் முறை உண்டு. வேஷம் கலைக்கத் தேங்காய் எண்ணெய் எடுக்கும்போதே டேப் விளிம்புகளிலும் தடவிச் சற்று ஊறவிட்டு, மயிர் படியும் திசையிலேயே உரிக்க வேண்டும். எண்ணெய்க் கையால் மைக் தலையைத் தொடாமல், அதை முதலில் கழற்றித் தனியே வைத்துவிடுவது நல்லது. ஒயரை ஈரத்துணியால் துடைத்து, தளர்வான வளையமாகச் சுற்றி, செல்களை வெளியே எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் மைக்கை இரவு வரை உலரவிட்டால், அடுத்த ஊருக்கு அதே மைக் போகும்.